பேசும் பலகை

"டேப்லெட் கொடுத்தால் பிள்ளை பேசுவானாமே? ஒரு நாளைக்கு எத்தனை வேளை கொடுக்கணுமாம்?"

கொல்லிமலையில் ஒரு பாட்டியம்மாள் தம் மருமகளிடம் இப்படிக் கேட்டாராம். சிரித்துவிடாதீர்கள்! டேப்லெட் என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது மாத்திரைதானே? சிலேட்டுப் போல் இருந்துகொண்டு, தொட்டால் படம் காட்டிப் பாட்டுப் பாடும் அந்தக் கண்ணாடிப் பலகைக்கும் அதே பெயரை வைத்தது யாரோ செய்த குறும்பு. பாட்டியம்மாளைச் சொல்லிக் குற்றமில்லை.

இந்தச் சமாசாரம் எனக்கு ஒரு கடிதத்தில் வந்தது. முதல் நாலு வரி என்னைச் சிரிக்க வைத்தது. மீதியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, எனக்கு ஒரே பையன். ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. இதுவரை 'அம்மா' என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. சேலத்தில் டாக்டர் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். டேப்லெட்டில் படத்தைத் தொட்டுப் பேசவும் படிக்கவும் சொல்லிக் கொடுக்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ஆகுமாம். என் காதில் கிடக்கும் தோடுதான் வீட்டில் இருக்கிற பொன். அதை அடகு வைக்கலாமா, வேண்டாமா? நீங்கள் பட்டணத்தில் இருக்கிறீர்கள். நாலு பேரை விசாரித்து எழுதுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். நான் வேலையாக இருக்கும்போது அவன் சும்மா இருக்கட்டும் என்று செல்போனைக் கையில் கொடுத்துவிடுவேன். அதனால்தான் இப்படி ஆகிவிட்டானா? ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்."

வாசக நேயர்களே, இந்தக் கடிதத்தில் இருப்பது இரண்டு கேள்விகள். முதலாவது தோட்டைப் பற்றியது. அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. இரண்டாவது கேள்விதான் அந்தத் தாயைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. ஆகவே அதை முதலில் பார்த்துவிடுவோம்.

செல்போன் கொடுத்ததால் ஆட்டிசம் வருவதில்லை. தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்களே, அது தொற்றிக்கொள்ளும் வியாதியும் அல்ல, வளர்ப்பில் நேர்ந்த பிசகும் அல்ல. மூளை வளர்கிற விதத்திலேயே உள்ள ஒரு வேறுபாடு. பரம்பரைக் கூறுகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 1943-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து டாக்டர் லியோ கானர் 11 குழந்தைகளைக் கவனித்து இதைப்பற்றி விவரமாக எழுதினார். செல்போனை அப்போது யாரும் கனவில்கூடக் கண்டதில்லை!

ஆனால் தாயின்மேல் பழி போடுவது மட்டும் அப்போதே ஆரம்பமாகிவிட்டது. தாய் அன்பு காட்டாமல் ஐஸ் பெட்டி மாதிரி இருந்ததால்தான் குழந்தை தனக்குள்ளே ஒடுங்கிவிட்டது என்று மேல்நாட்டு நிபுணர்கள் பல வருஷம் சாதித்தார்கள். எத்தனை தாய்மார்கள் அந்தச் சொல்லைக் கேட்டுப் புழுங்கியிருப்பார்கள்! பெர்னார்ட் ரிம்லாண்ட் என்று ஒரு மனோதத்துவ நிபுணர். அவருடைய சொந்த மகனுக்கே ஆட்டிசம். அவர் 1964-ல் ஒரு புத்தகம் எழுதி, இது உடலோடு சம்பந்தப்பட்டது, தாயின் மனத்தோடு அல்ல என்று வாதாடினார். 1969-ல் கானரே ஒரு பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, பெற்றோர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார்.

கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கொல்லிமலைக்கு மட்டும் தீர்ப்பு நகல் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது! நம் நகரத்துத் தெருக்களுக்கு மட்டும் வந்துவிட்டதா என்ன?

இந்த அளவுக்கு எழுதி அனுப்பிவிட்டு, தோடு விஷயத்தில் நாலு பேரை விசாரித்தேன். விசாரித்தது போதவில்லை. மார்கழியில் ஒரு நாள் பஸ் ஏறினேன்.

சேந்தமங்கலத்தைத் தாண்டிக் காரவல்லியில் மலைப்பாதை ஆரம்பமாகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். முப்பது வரையில் நானும் உற்சாகமாக எண்ணினேன். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டு எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்தேன். மேலே போய்ச் சேர்ந்ததும் பட்ட கஷ்டமெல்லாம் மறந்துவிட்டது. வல்வில் ஓரி ஆண்ட மலை அல்லவா? மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி, சரிவில் மரவள்ளி, எட்டிப் பார்க்கிற இடமெல்லாம் வாழை. குளிர் மட்டும் எலும்பைத் துளைத்தது.

செம்மேட்டில் அந்தச் சகோதரி எனக்காகக் காத்திருந்தார். அங்கிருந்து ஒரு மணி நேர நடை. பையனின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே எழுதவில்லை.

பையன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு முறம் நிறையக் காப்பிப் பழம். சிவப்பு ஒரு வரிசை, பச்சை ஒரு வரிசை, இரண்டும் கலந்த நிறம் மூன்றாவது வரிசை. நூல் பிடித்தாற்போல் அடுக்கிக்கொண்டிருந்தான். நான் வந்ததை அவன் பார்க்கவே இல்லை. பார்க்காத மாதிரி இருந்தானே தவிர, நான் செருப்பை விட்ட இடம் சரியில்லை என்று எழுந்து வந்து அதைச் சுவரோடு நேராக வைத்துவிட்டுப் போனான்!

சற்று நேரம் கழித்துத் தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனான். அடுப்பங்கரையில் அவள் கையைத் தூக்கி ஒரு பரணை நோக்கி எறிந்தான். தாயின் கையை ஒரு துறட்டுக்கோல் மாதிரி உபயோகிக்கிறான், அவ்வளவுதான். தண்ணீர் கொடுத்தார். தள்ளிவிட்டான். வாழைப்பழம் கொடுத்தார். வீசி எறிந்தான். களி உருண்டை, பால், பொம்மைக் கார் எல்லாம் வந்தன. பையன் அலற ஆரம்பித்து, தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டான். கடித்துக் கடித்து அந்த இடம் காய்த்துப் போயிருந்தது. கடைசியில் பாட்டியம்மாள் பரணின் மூலையில் இருந்த வெல்ல டப்பாவைக் கண்டுபிடித்தார். அலறல் பட்டென்று நின்றது.

ஒரு துண்டு வெல்லத்துக்கு இருபது நிமிஷப் போராட்டம்!

"தினம் நாலு தடவை இப்படித்தான் அக்கா" என்றார் தாய். "பிடிவாதக்காரன்னு எல்லாரும் சொல்றாங்க."

பிடிவாதமா அது? உங்களுக்குத் தாகமாக இருக்கிறது, பாஷை தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள், 'தண்ணீர்' என்று சைகை காட்டவும் தெரியவில்லை, எதிரில் இருப்பவர் உங்களிடம் வரிசையாகக் குடை, செருப்பு, சீப்பு என்று நீட்டிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிஷம் நீங்கள் நல்ல பெண்மணியாக இருப்பீர்கள்? நான் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்கமாட்டேன்.

அன்று பிற்பகல் அந்த வீட்டுக்கு ஒரு சிறப்பாசிரியை வந்தார். அரசாங்கத்தின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக் கொடுக்க இப்படிப்பட்ட ஆசிரியர்கள் உண்டு. பையிலிருந்து டேப்லெட்டை எடுப்பார் என்று ஆவலாகப் பார்த்தேன். அவர் எடுத்தது நாலு அட்டைகள்! பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிப் பின்னால் ஒட்டிய அட்டைகள். ஒன்றில் அந்த வீட்டு வெல்ல டப்பாவின் படம். இன்னொன்றில் அவன் தண்ணீர் குடிக்கும் டம்ளர். மூன்றாவதில் வாசற்படி, அதாவது வெளியே போக வேண்டும். நாலாவதில் குறுக்கே கோடு போட்ட ஒரு கை. அது 'வேண்டாம்'.

ஆசிரியை வெல்லத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். தாயைப் பையனுக்குப் பின்னால் உட்காரச் சொன்னார். பையன் வெல்லத்துக்குக் கையை நீட்டியபோது, தாய் பின்னாலிருந்து அந்தக் கையை மெதுவாகத் திருப்பி, அட்டையை எடுக்க வைத்து, ஆசிரியையின் உள்ளங்கையில் போட வைத்தார். "வெல்லம்!" என்று சொல்லிக்கொண்டே ஆசிரியை உடனே வெல்லத்தைக் கொடுத்துவிட்டார். திரும்ப ஒரு தடவை. இன்னும் ஒரு தடவை. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, தாய் கையை எடுத்துவிட்டார். பையன் தானே அட்டையை எடுத்துக் கொடுத்தான்.

இந்த வித்தை ஒன்றும் புதியதல்ல. 1985-ல் அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் உண்டாக்கிய படப் பரிமாற்ற முறை இது. இதன் சூட்சுமம் படத்தில் இல்லை; கொடுப்பதில் இருக்கிறது. ஒரு மனிதரிடம் போய்க் கொடுத்தால் காரியம் நடக்கும் என்று குழந்தை தெரிந்துகொள்கிறது. பேச்சு என்பதே அதுதானே?

அதற்குப் பிறகுதான் ஆசிரியை தம்முடைய செல்போனை எடுத்தார். அதில் ஒரு செயலி. திரையில் அதே நாலு படங்கள். தொட்டால் பேசியது. பையன் வெல்லத்தைத் தொட்டான். "வெல்லம்" என்றது போன். பையன் திடுக்கிட்டுப் போனைப் பார்த்தான். அப்புறம், நான் வந்து மூன்று மணி நேரத்தில் முதல் தடவையாக, தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

அம்மாவின் முகத்தை ஏன் பார்த்தான் தெரியுமா? போனில் வந்தது அம்மாவின் குரல்! இந்த மாதிரிச் செயலிகள் சிலவற்றில் இயந்திரக் குரலுக்குப் பதிலாக நம் குரலையே பதிந்து வைக்கலாம். ஆசிரியை போன வாரமே பதிந்து வைத்திருக்கிறார். "பட்டணத்துப் பொம்பளை குரலிலே என் பேரன் பேச வேணாம், கண்ணு" என்று பாட்டியம்மாள் போட்ட கட்டளையாம்.

இந்தப் பேசும் பலகைகளின் கதையில் நம் சென்னைக்கு ஒரு நல்ல இடம் உண்டு. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்ற நிறுவனம் இருக்கிறது. 1985-ல் தொடங்கியது. மூளை முடக்குவாதத்தாலும் வேறு குறைகளாலும் பேச முடியாத குழந்தைகள் பலர் அங்கே படிக்கிறார்கள். பேச முடியாதவர்களுக்காகப் பேசும் கருவிகள் வெளிநாட்டில் அப்போதே இருந்தன. ஆனால் விலை பல ஆயிரம் டாலர், பேசுவதோ இங்கிலீஷ். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் என்ற இளைஞர் அந்தக் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் பழகி ஒரு கருவியைச் செய்தார். 'ஆவாஸ்' என்று பெயர். ஹிந்தியில் குரல் என்று அர்த்தம். 2010-ல் அதற்கு ராஷ்டிரபதியின் தேசிய விருது கிடைத்தது. பிறகு ஆவாஸ் தனிக் கருவியாக இல்லாமல், டேப்லெட்டில் போட்டுக்கொள்ளும் செயலியாக மாறிற்று. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு அது பெரிதும் உபயோகப்படலாயிற்று.

2013-ல் இந்த அஜித் நாராயணன் அமெரிக்காவில் ஒரு மேடையில் பேசியபோது இன்னொரு யோசனையையும் விளக்கினார். படத்தைக் காட்டி 'சாப்பிடு', 'அம்மா', 'பழம்' என்று சொற்களைக் கற்றுக் கொடுத்துவிடலாம். ஆனால் அவற்றை வாக்கியமாகக் கோப்பது எப்படி? இலக்கணத்துக்குப் படம் கிடையாதே! அவர் கண்ட வழி, கேள்விகள். 'சாப்பிடு' என்ற சொல்லை நடுவில் வை. யார்? எதை? எப்போது? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு இழுத்து ஒரு படத்தை வை. குழந்தை விடையை வைத்தால் போதும், வாக்கியத்தை இயந்திரம் கோத்துவிடும். நம் தமிழ்த் தாய்மார்களுக்கு இது புரியாத விஷயமே அல்ல. சோறு ஊட்டும்போது "யார் சாப்பிடறா? என்ன சாப்பிடறா?" என்று நாம் கேட்டுக்கொண்டேதானே ஊட்டுகிறோம்? அதையே பலகையில் வரைந்திருக்கிறார்.

"அது சரி, படத்தைத் தொட்டே காரியம் ஆகிவிட்டால் குழந்தை வாயைத் திறக்கச் சோம்பல்பட்டுவிடாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆராய்ச்சி செய்தவர்கள் இல்லை என்கிறார்கள். 2014-ல் அமெரிக்காவில் கானி கசாரி என்ற பேராசிரியையும் அவருடைய சகாக்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 5 வயது முதல் 8 வயது வரை, பேச்சு மிகக் குறைந்த 61 குழந்தைகள். எல்லோருக்கும் விளையாட்டோடு சேர்த்துப் பேச்சுப் பயிற்சி. அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பயிற்சியோடு பேசும் டேப்லெட்டும் உண்டு. டேப்லெட்டும் சேர்ந்து கிடைத்த குழந்தைகள்தான் தாமாகவே பிறரிடம் எதையாவது சொல்ல முயன்றதில் முந்தி நின்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, சகோதரிகளே. டேப்லெட்டை மட்டும் கொடுத்துவிட்டு ஆளை விட்டுவிட்ட கோஷ்டி என்று ஒன்று அந்த ஆராய்ச்சியில் கிடையாது. எல்லாக் குழந்தைகளுக்கும் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

படிப்பு விஷயத்திலும் அப்படியேதான். பலகைக்குச் சில நல்ல குணங்கள் உண்டு. நூறு தடவை கேட்டாலும் அதே குரலில், அதே மாதிரி சொல்லும். கோபித்துக்கொள்ளாது. முகம் மாறாது. எதுவும் மாறாமல் இருந்தால்தான் நிம்மதி என்று நினைக்கும் குழந்தைக்கு இது பெரிய ஆறுதல். 'முதலில் பல் தேய்ப்பது, அப்புறம் சாப்பாடு, அப்புறம் ஊஞ்சல்' என்று அன்றைய நாளைப் படமாக வரிசைப்படுத்திக் காட்டினால், அடுத்தது என்ன என்ற பயம் குழந்தைக்குப் போய்விடுகிறது. ஆனால் திரையில் மூன்று ஆப்பிள்களை எண்ணிய பிள்ளைக்கு, முறத்திலுள்ள மூன்று காப்பிப் பழங்களை எண்ணத் தெரியாமல் போகலாம். திரையிலுள்ள மாடு வேறு, கொட்டிலில் நிற்கிற மாடு வேறு என்று நினைக்கலாம். இரண்டையும் சேர்த்துவைக்க ஆள் வேண்டும். கொல்லிமலை ஆசிரியை ஆப்பிளைத் தொடவே இல்லை. காப்பிப் பழத்தைப் போட்டோ பிடித்துப் போனில் வைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று முறத்தோடு சேர்த்தே எண்ணினார். ஆட்டிசம் இருந்தால் என்ன, அடுக்குவதில் அவன் நிபுணன் அல்லவா? அங்கிருந்தே அவனுக்குக் கணக்கு ஆரம்பமாயிற்று.

இனி, தோடு.

மறுநாள் புறப்படும்போது சொன்னேன்: "அம்மா, இப்போது அடகு வைக்க வேண்டாம். முதலில் அட்டை. அட்டையை எடுத்துவந்து கொடுக்க நன்றாகப் பழகட்டும். பிறகு வீட்டில் இருக்கிற போனே போதும். செயலிகளில் இலவசமானவையும் உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி.யில் செய்த ஜெல்லோ என்பது ஒன்று. எதை எடுத்தாலும் தமிழ் பேசுமா, உங்கள் குரலைப் பதிய இடம் உண்டா, இணையம் கிடைக்காத நேரத்திலும் ஓடுமா என்று இந்த மூன்றை மட்டும் ஆசிரியையிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்."

எல்லாம் சரியாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நான் நினைத்துப் பார்க்காத சங்கடம் ஒன்று அதில் இருந்தது.

"அக்கா, வீட்டில் இருப்பது ஒரே போன். காலையில் இவன் அப்பா அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார். அவரோடு இவன் வாயும் போய்விடுகிறது."

படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். குழந்தையின் வாயை அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவதாவது! கருவிகளைப் பற்றிப் பெரிய பெரிய கூட்டங்களில் பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியை எழுதி மேஜைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். பேசும் பலகை, பேச வேண்டிய குழந்தையிடம் இருக்க வேண்டும். பாட்டுக்கும் விளையாட்டுக்கும் வீட்டாருக்கும் அது பொதுவாக இருந்தால் அது வாய் அல்ல, வாடகை சைக்கிள். சார்ஜ் தீரும் நேரத்துக்கும், மழையில் மின்சாரம் போகும் நேரத்துக்கும் அட்டைகள் என்றைக்கும் கையோடு இருக்க வேண்டும்.

அந்த வீட்டில் இதற்கு வழி கண்டது அப்பாதான். தாம் ஒரு பழைய பட்டன் போனை வாங்கிக்கொண்டு, தொடுதிரைப் போனை மகனிடம் விட்டுவிட்டார். அதிலிருந்து சினிமாப் பாட்டையெல்லாம் ஆசிரியை அழித்துவிட்டாராம். கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பாட்டியம்மாள் துணிப் பை தைத்துக் கொடுத்தார். தோடு காதிலேயே இருக்கிறது.

அந்தக் கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

மலைக் குளிருக்காகச் சேலத்திலிருந்து ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கியிருந்தார்கள். தினம் மாலையில் அதைப் போடுவதற்குள் வீடே ரணகளமாகிவிடும். பையன் கிழித்து எறிவான், கையைக் கடித்துக்கொள்வான். 'குளிரில் விறைத்தாலும் பிடிவாதம் விடமாட்டான்' என்பது ஊர் அபிப்பிராயம். ஒரு நாள் மாலை ஸ்வெட்டரை எடுத்ததும், பையன் ஓடிப்போய்ப் போனைத் தொட்டான். "வேண்டாம்" என்றது அம்மாவின் குரல். தாய் ஸ்வெட்டரைக் கீழே வைத்தார். பையன் கையைக் கடிக்கவில்லை. தாய் பழைய பருத்திப் போர்வையை நீட்டினார். வாங்கிப் போர்த்திக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டான்!

குளிர் வேண்டும் என்று அவன் அழவில்லை. கம்பளி அவன் தோலில் முள்ளாகக் குத்தியிருக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தொடுகையும் சப்தமும் வெளிச்சமும் நமக்கு இருப்பதைவிடப் பல மடங்கு உறைக்கும். இரண்டு குளிர்காலமாக அவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். பல்லால் சொன்னான், நமக்குப் புரியவில்லை.

"போன் வாங்கிக் கொடுத்தது, வேண்டாம் வேண்டாம்னு நம்மையே எதிர்த்துப் பேசவா?" என்று பாட்டியம்மாள் முதலில் கோபித்துக்கொண்டாராம். நாமும் அப்படித்தான். பேசாத குழந்தை பேசினால் முதல் வார்த்தை 'அம்மா'வாக இருக்கும் என்று ஆசைப்படுகிறோம். அதில் தப்பில்லை. ஆனால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாதவனுக்கு 'வேண்டும்' என்று சொல்லி என்ன பிரயோஜனம்? படிப்பு, கணக்கு, எழுத்து எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். குழந்தையைப் பேசாமல் உட்காரவைக்கவும் அதே போன்தான். பேசவைக்கவும் அதே போன்தான். எதற்குக் கொடுக்கிறோம் என்பதிலும், எதிரே யார் உட்கார்ந்திருக்கிறோம் என்பதிலும்தான் வித்தியாசம்.

இந்த மாதிரிக் குழந்தை உள்ள வீட்டாருக்கு இரண்டு வார்த்தை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லியிருக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சட்டம் சொல்லும் அளவுக்குக் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் டாக்டர் குழுவிடம் சந்தேகத்தைச் சொல்லுங்கள். மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு மனுச் செய்யுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்காகத் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவுக்கு இடம் உண்டு. நகையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும் முன் இந்த வாசல்களையெல்லாம் தட்டிப் பாருங்கள்.

அப்படிப்பட்ட குழந்தை இல்லாத வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அடுக்குமாடி வீட்டு லிஃப்டிலோ, கல்யாணப் பந்தியிலோ, கழுத்தில் போன் மாட்டிய ஒரு பிள்ளை என்றைக்காவது உங்கள் எதிரே வந்து நிற்கக்கூடும். திரையில் படத்தைத் தேடிக்கொண்டு நிற்பான். கொஞ்சம் நேரமாகும். "பாவம்!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவன் அம்மாவைப் பார்த்து, "என்ன வேணுமாம்?" என்று கேட்காதீர்கள். மனத்துக்குள் ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். ஒருவேளை "தள்ளிப் போ" என்றே சொல்வானோ, என்னவோ! எதுவாயிருந்தாலும் அவன் சொல்லி முடிக்கட்டும். பிறகு அவனுக்கே பதில் சொல்லுங்கள்.